நாற்பத்தெட்டு நாள் விரதமும் ஒரு வேர்ப்பொடியும்

என் குரல் ஒன்று வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது அது சுங்கை பூலோவில் யாருடைய சமையல்கட்டிலோ பேசிக்கொண்டிருக்கும். மதியம் நான் கண் அயரும்போது அது ஏதோ ஒரு லோரியில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கும். ஒரு நிமிஷத்துக்கும் குறைவான குரல்தான். பேசியது நான், ஆனால் அனுப்பிய பிறகு அது என் பேச்சைக் கேட்பதில்லை. அந்தக் குரலை நம்பி ஓர் அக்கா தன் மாத்திரைகளை நிறுத்தினார். அவருடைய இடது கால் சுண்டுவிரலுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருஷம் வகுப்பறையில் பேசிப் பழகிய வாய்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஒரே சோதனைதான். இரண்டு கிண்ணத்தில் பஞ்சு வைத்து, பச்சைப்பயறு போட்டு, ஜன்னல் ஓரத்தில் வைப்போம். ஒன்றுக்குத் தண்ணீர் உண்டு, மற்றதற்கு இல்லை. கிண்ணம் ஒரே அளவு, பஞ்சு ஒரே அளவு, வெயிலும் ஒரே வெயில். ஒன்றை மட்டும்தான் மாற்றணும். "ரெண்டு மூணு சேர்த்து மாத்துனா எது வேலை செஞ்சதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது," என்று மேசையைத் தட்டிச் சொல்வேன். பிள்ளைகள் தலையாட்டும். கவனிக்காத பிள்ளையை வாசலில் நிற்க வைத்ததும் உண்டு. அவ்வளவு கறார்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று கிளினிக்கில் சொன்னார்கள். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. எனக்கு அந்த மாத்திரைகளைப் பார்த்தாலே எரிச்சல். அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன், நாற்பத்தெட்டு நாள் விரதம். அதே சமயத்தில் தெரிந்த ஒருத்தி வேர்ப்பொடி டப்பா ஒன்றைக் கையில் திணித்து, காலையில் வெந்நீரில் கலக்கிக் குடித்தால் சீனி தானாக இறங்கும் என்றாள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நல்ல காரியம் என்றால் நல்ல நாள் பார்ப்போம். நல்ல நாள் அமைந்துவிட்டால் எல்லா நல்ல காரியத்தையும் அன்றைக்கே தொடங்கிவிடுவோம். விரதம் தொடங்கிய அதே வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, சாமி படத்துக்கு முன்னால் நின்று அந்தப் பொடியின் முதல் கரண்டியைக் குடித்தேன். பயறு போடச் சொல்லிக்கொடுத்த அதே கைதான் கரண்டியையும் பிடித்தது.

அந்த நாட்கள் இன்னமும் எனக்குள் மிதந்துகொண்டிருக்கின்றன. ஒரு வேளைதான் சோறு. கறி மீன் இல்லை, கடையில் இனிப்பாக ஆற்றித் தருகிற தே தாரிக் தேநீர் இல்லை, பலகாரம் இல்லை. விடிகிற நேரத்தில் வெறுங்காலில் கோயிலுக்கு நடப்பேன். கிள்ளான் சாலைகள் ஈரமாக, ஆளில்லாமல் கிடக்கும். தார் குளிர்ந்திருக்கும். தெருவிளக்குகள் அணையும் நேரம் தினமும் ஒரே வளைவில் வந்து என்னைப் பிடிக்கும். சாயங்காலமும் அதே நடை. உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. நான் நடக்கிறேனா, சாலை என்னைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்றுகூடத் தோன்றும். மஞ்சள் சேலை, கற்பூர வாசம், பசியில் வருகிற மெல்லிய கிறக்கம் எல்லாம் சேர்ந்து மதியத்திலேயே கனவு வரும். அதில் நான் எப்போதும் ஏதோ ஓர் ஆற்றைக் கால் நனையாமல் கடந்துகொண்டிருப்பேன்.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம் ரத்தம் எடுத்தார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் பன்னிரண்டில் இருந்த ரத்தச் சீனி ஏழுக்கு, கிட்டத்தட்ட சரியான அளவுக்கு, வந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாய் சும்மா இருக்குமா? கிளினிக் வாசலில் நின்றபடியே எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் பேசி அனுப்பினேன். "எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சீனி பன்னெண்டுல இருந்துச்சு. இந்த வேர்ப்பொடிய சாப்பிட்டேன், நாப்பத்தெட்டு நாள் முடியறதுக்குள்ள ஏழு. கையில தாள வச்சிக்கிட்டுத்தான் பேசுறேன். நான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவ. பொய் சொல்ல மாட்டேன்." பொடியின் பெயரையும் எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வானொலியில் பேசுகிறவள் மாதிரி அவ்வளவு தெளிவாகச் சொன்னேன்.

மாத்திரையை நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை. நான் பயந்தாங்கொள்ளி, காலையும் ராத்திரியும் தவறாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதைச் சொல்லவில்லை. மறைக்கணும் என்று இல்லை, சொல்லத் தோன்றவே இல்லை. விரதத்தையும் சொல்லவில்லை, நடையையும் சொல்லவில்லை. எனக்குப் பொடிதான் அதிசயமாகத் தெரிந்தது.

விரதம் முடிந்தது. ஆட்டுக்கறி திரும்பி வந்தது, தே தாரிக் திரும்பி வந்தது, காலை நடை நின்றது. பொடியை மட்டும் விடாமல் குடித்தேன். மூன்று மாசம் கழித்து சீனி பதினொன்று. கிளினிக்கில் இருந்த மிஸ்ஸி, அதாவது தாதி, மலாய்க்காரப் பெண், சின்ன வயசு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "போன தடவை புவாசாவா, ஆன்டி?" என்று கேட்டாள். புவாசா என்றால் நோன்பு. நோன்பு மாசத்தில் சாப்பாடு மாறினால் சீனியும் மாறும் என்று அவள் எத்தனை பேரிடம் பார்த்திருப்பாள். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பயறு போட்ட கிண்ணங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. சோறு, கறி, தே தாரிக், நடை, பொடி என்று அத்தனையையும் ஒரே வெள்ளிக்கிழமையில் மாற்றியிருக்கிறேன். வாசலில் நிற்க வைத்த பிள்ளைகளின் முகமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் திருத்திச் சொல்லியிருக்கணும். சொல்லவில்லை. என் தங்கை வீட்டுக்காரர் வாயில் விழுந்தால் மூன்று தீபாவளிக்கு எழுந்திருக்க முடியாது. டீச்சர் என்கிற மரியாதை ஒன்றுதான் அந்தக் குடும்பத்தில் எனக்கு இருப்பது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அந்தக் குரல் குடும்பத்தை விட்டுக் கிளம்பிவிட்டது.

அந்த உறுத்தல்தான் என்னைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே ஒரு சங்கத்து மண்டபத்தில் சனிக்கிழமை மதியம் வகுப்பு எடுக்க ஒத்துக்கொண்டேன். பொடி, எண்ணெய், காந்தக் காப்பு என்று கைப்பேசியில் வருகிற எதையும் நம்புவதற்கு முன்னால் என்ன கேட்கணும் என்பதுதான் பாடம். சொல்கிறவருக்கு அதில் வருமானம் உண்டா? அதைச் சாப்பிடாதவர்களும் அதே மாதிரி குணமானார்களா? கூடவே வேறு என்ன மாறியது? கிள்ளானில் கொமுட்டர் ரயிலேறி, பாதித் தூக்கத்தில் சென்ட்ரலில் இறங்கி, மல்லிகை வாசத்தையும் வடை வாசத்தையும் தாண்டி நடந்து போவேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு உட்காருவோம். சாலாக் செலாத்தானிலிருந்து வருகிற ஓர் அண்ணன், லோரி ஓட்டி ஓய்ந்தவர், "இத்தனை கேள்வி கேட்டா ஒரு கல்யாணம்கூட நடக்காது லா, டீச்சர்," என்பார். அவருக்கு என்னைக் கிண்டல் பண்ணாமல் தே தண்ணி இறங்காது.

வகுப்பில் பலர் கைப்பேசிக்கு வந்த விதவிதமான குரல்களைப் போட்டுக் காட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் முதல் வார்த்தை என்னுடையதா என்று காதைத் தீட்டுவேன். என் குரல் வந்ததே இல்லை. மாசங்கள் போகப் போக, அது எங்கேயோ களைத்துப் போய் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அக்கா ஸ்ரீ கெம்பாங்கானில் கறித்தூள் தொழிற்சாலை ஒன்றில் பாக்கெட் கட்டுகிறவர். சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்துவிட்டு நேராக வந்துவிடுவார். அவர் உள்ளே வருவதற்கு முன்னால் மல்லியும் சீரகமும் வாசனையாக உள்ளே வந்துவிடும். நிறையப் பேசமாட்டார், ஆனால் ஒரு வாரம்கூடத் தவறமாட்டார். எல்லாரும் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் தடித்த சாக்ஸோடு இருப்பார். கேட்டால், "குளிருது டீச்சர்," என்பார். மண்டபத்தில் ஏசி கிடையாது. மூன்று காற்றாடிகள் கறகறவென்று வெக்கைக் காற்றைத்தான் கலக்கிக்கொண்டிருந்தன. அப்போதே நான் யோசித்திருக்கணும்.

ஒரு சனிக்கிழமை என் பழைய கிண்ணங்களைக் கொண்டு போனேன். நாலு நாளாக வீட்டில் வைத்திருந்தவை. ஒன்றில் பயறு தண்ணீர் குடித்து முளைத்திருந்தது. அதன் மேல் வேண்டுமென்றே கொஞ்சம் மஞ்சள் தூளும் தூவியிருந்தேன். மற்றதில் தண்ணீரும் இல்லை, மஞ்சளும் இல்லை, பயறு அப்படியே கல் மாதிரி கிடந்தது. "மஞ்சள் போட்டேன், முளைச்சிருச்சு. மஞ்சள் போடல, முளைக்கல. அப்ப மஞ்சள்தான் முளைக்க வச்சது, சரியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "தண்ணி லா, டீச்சர்," என்றார் லோரி அண்ணன். அக்காவும் சிரித்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மதியம் மூன்று மணிக்கே மண்டபம் மங்கலாகி, எல்லார் முகமும் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி ஆனது.

அக்கா மெதுவாகக் கையைத் தூக்கினார். "நீங்க சொல்றதெல்லாம் சரி டீச்சர். ஆனா ஒண்ணு மட்டும் வேற மாதிரி. இந்தம்மா விக்கிறவங்க இல்ல, காசும் கேக்கல. உங்கள மாதிரி டீச்சர் அவங்க." கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து அழுத்தினார்.

எல்லாருக்கும் வணக்கம் என்றது என் குரல்.

மழைச் சத்தத்தில், அந்தச் சின்ன ஒலிபெருக்கியில், அது கரகரவென்று வேறு யாரோ மாதிரிதான் இருந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். 'இவங்க வேற என்ன மாத்துனாங்கன்னு நமக்குத் தெரியாது இல்ல?' என்று பாடத்தோடு பாடமாகத் தாண்டிப் போயிருக்கலாம். அந்த ஆசை எனக்கு வந்தது, மறைக்கமாட்டேன். அந்தச் சில விநாடிகள் அவ்வளவு நீளமாக இருந்தன. காற்றாடி சுற்றுவதை எண்ணிவிடலாம் போல இருந்தது. அப்புறம் என் கண் அந்த சாக்ஸில் போய் நின்றது. அதன் பக்கவாட்டில் மஞ்சளாக ஒரு கறை ஊறியிருந்தது. கறித்தூள் கறை என்று இத்தனை வாரமும் நினைத்திருந்தேன்.

என் வாய் தானாகத் திறந்தது. கைப்பேசியோடு சேர்ந்து நானும் சொன்னேன். "நான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவ. பொய் சொல்ல மாட்டேன்." இரண்டு குரலும் ஒரே நேரத்தில் முடிந்தன.

அக்கா கைப்பேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களா?"

"நான்தான்."

"அப்ப அது பொய்யா, டீச்சர்?"

"பொய் இல்லக்கா. சீனி குறைஞ்சது நெசம். பொடிதான் குறைச்சதுன்னு சொன்னது தப்பு. அது தைப்பூச விரதம். கறி இல்ல, தே தாரிக் இல்ல, ஒரு வேளை சோறு, காலையும் சாயங்காலமும் நடை."

அவர் பயறுக் கிண்ணங்களைப் பார்த்தார். "மாத்திரை?" என்றார்.

"போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அத நீங்க சொல்லலயே."

"சொல்லல," என்றேன். அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

அவர் குனிந்து சாக்ஸைக் கழற்றினார். அதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது, பக்கத்தில் புண் ஈரமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "மூணு மாசமா மாத்திரை போடல," என்றார், தரையைப் பார்த்தபடி. "பொடிதான் இருக்கேன்னு விட்டுட்டேன். வலிக்கவே இல்ல டீச்சர். வலிச்சிருந்தா போயிருப்பேன்." அப்புறம் நிமிர்ந்து, "அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க, இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க. எத நம்புறது?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் கொஞ்சம் பிழைத்திருப்பேன்.

"என்னை நம்ப வேணாம். ரத்தத்த எடுத்துப் பார்ப்போம், வாங்க."

லோரி அண்ணன் அதற்குள் தன் பழைய வேனை வாசலில் மழையில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். அன்றைக்கு அவர் கிண்டல் ஒன்றும் பண்ணவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த கிளினிக்கில் டாக்டர் விரலைப் பார்த்த உடனேயே ஒரு கடிதம் எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகச் சொன்னார். வேனில் போகும்போது அக்கா என் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டார். கண்ணாடியில் மழை வழிந்து, கோலாலம்பூர் முழுக்கக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் அவருடைய செருப்பையும் சாக்ஸையும் மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதேன்.

காலைக் காப்பாற்றிவிட்டார்கள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தாமல் இருந்தாலும் புண் வந்திருக்கலாம் என்று வார்டில் ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா என்று தெரியவில்லை. அதே அக்காவுக்கு இன்னொரு மூன்று மாசத்தைக் கொடுத்து, என் குரலைக் கேட்காமல் வாழ்ந்து பார்க்கச் சொல்ல முடியாது. அந்த இரண்டாவது கிண்ணம் எனக்குக் கிடைக்காது. தெரியாமலேதான் நான் இதைத் தூக்கிக்கொண்டு நடக்கணும்.

மூன்று மாசம் அவர் வகுப்புக்கு வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பார், நல்லா இருக்கேன் என்பார், வைத்துவிடுவார். பிறகு ஒரு சனிக்கிழமை கறித்தூள் வாசனை வந்தது, பின்னாலேயே அவரும் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்து, எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் காலைப் பார்க்காத மாதிரி இருந்தோம். "பாருங்க லா, ஒண்ணும் இல்ல," என்று அவரே நீட்டிக் காட்டினார். என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று முதல் அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கேள்வி கேட்டார்.

போன மாசம் வகுப்பு முடிந்து கொமுட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். மழைக்குப் பிறகு வருகிற மஞ்சள் வெயில், பத்து தீகா நிலையம் தாண்டும்போது பெட்டி முழுக்கப் பரவியிருந்தது. பாதி பேர் தூக்கத்தில். எங்கள் குடும்பக் குழுவில் தங்கை மகள் ஒரு குரலை அனுப்பியிருந்தாள். பல கை மாறி வந்தது. அந்தப் பெண் குழுவில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. காதில் வைத்தேன்.

"வணக்கம். நான் ஸ்ரீ கெம்பாங்கான்லேர்ந்து பேசுறேன். ஒரு டீச்சர் வேர்ப்பொடி பத்திப் பேசுன வாய்ஸ் உங்களுக்கும் வந்திருக்கும். அவங்களுக்கு சீனி குறைஞ்சது நெசம். ஆனா அப்ப அவங்க தைப்பூச விரதத்துல இருந்தாங்க, நடந்தாங்க, மாத்திரையும் நிறுத்தல. அத சொல்ல விட்டுட்டாங்க. நான் மாத்திரைய நிறுத்திட்டேன். எனக்கு ஒரு விரல் போயிருச்சு. இப்ப எனக்கு சீனி எட்டு. மாத்திரையும் போடுறேன், சோறும் குறைச்சிட்டேன். எது எவ்வளவு குறைச்சதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நான் சொன்னேன்னு எதையும் தொடங்காதீங்க, எதையும் நிறுத்தாதீங்க. உங்க டாக்டர்கிட்ட போய்க் கேளுங்க. அந்த டீச்சர் யாருன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நல்லவங்க."

முப்பது வருஷத்தில் என் வகுப்பில் இவ்வளவு ஒழுங்காக ஒரு பிள்ளையும் விடை சொன்னதில்லை. 'நல்லவங்க' என்ற அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குக் கீழே தங்கை மகள் எழுதியிருந்தாள்: 'யாரு அந்த டீச்சர், பாவம்?' யாரும் பதில் எழுதவில்லை. என் தங்கை எழுதவில்லை. அவள் வீட்டுக்காரர்கூட எழுதவில்லை. குழுவில் இருக்கிற பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

பாடாங் ஜாவா போனது, புக்கிட் பாடாக் போனது. கிள்ளானில் கதவு திறந்து மூடியதை எங்கோ தூரத்தில் நடப்பது மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில் கடைசி வரைக்கும் போய் துறைமுகத்து நிலையத்தில் நின்றது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். கடல் வாசம் அடித்தது. மேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, குடும்பக் குழுவைத் திறந்து, பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"அந்த டீச்சர் நான்தான்," என்றேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. மாத்திரையைத்தான் முதலில் சொன்னேன்.